தோட்டத்து மருத்துவச்சி



உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அடையாளக் கார்டு, சேமநிதிக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று பல காகிதங்கள் இருக்கும். அவற்றுக்கு அடியில் வீட்டுப் பெரியவர்களின் பழைய பிறப்புப் பத்திரம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் என்று கேட்கும் கட்டத்தில் பல பேருக்கு ஆஸ்பத்திரியின் பெயர் இருக்காது. ஒரு தோட்டத்தின் பெயர்தான் இருக்கும். சிரம்பானிலிருந்து தம்பினுக்குப் போகும் வழியில் பெடாஸ், செம்போங், ரெம்பாவ் என்று வரும் ஊர்களைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, இன்று எழுபதைத் தாண்டியவர்களில் பலர் லயத்து வீட்டின் உள்ளறையில் பிறந்தவர்கள். அவர்களை முதன்முதலில் கையில் ஏந்தியவள் ஒரு மருத்துவச்சி. அவள் பெயர் அந்தப் பத்திரத்தில் பெரும்பாலும் இராது.

அந்த மருத்துவச்சியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அக்காலத்தில் எல்லாம் சுகப்பிரசவம்தான், கத்தியும் ஊசியும் இல்லாமல் பத்துப் பிள்ளை பெற்றார்கள் என்பார் ஒருவர். படிப்பறிவில்லாத கிழவிகள் கையில் சிக்கித் தாயும் பிள்ளையும் செத்தார்கள் என்பார் இன்னொருவர். பத்துப் பிள்ளை பெற்றவளைத்தான் முதலாமவர் பார்த்திருக்கிறார். மூன்றாவது பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவளை அவர் எங்கே பார்க்கப் போகிறார்? இரண்டாமவரோ, அந்தக் கிழவியை விட்டால் அந்த இரவில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களின் தொழிலாக இருந்தது. அந்தக் குலத்தாருக்கு மருத்துவர் என்றே பெயர். மருத்துவச்சி என்ற சொல்லும் அதனோடு சேர்ந்து வழங்கியது. மலாயாவுக்குக் கப்பல் ஏறிய தொடக்க காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணிகள் ஊருக்குப் போய்க் குடும்பங்களாகவே ஆட்களை அழைத்து வந்தார்கள். 1920களில் லயங்களில் பெண்களும் பிள்ளைகளும் பெருகினார்கள். ஆனால் ஊரில் இருந்த எல்லாக் குலங்களும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வந்துவிடவில்லை. ஆகவே இங்கே பிரசவம் பார்ப்பது குலத்தை விட்டுக் கைக்கு மாறியது. நாலு பிள்ளை பெற்றவள், நெஞ்சில் துணிவுள்ளவள், கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள் எவளோ அவளே மருத்துவச்சி. பகலில் அவளும் பால்மரம் வெட்டினாள் அல்லது வெளிக்காட்டில் புல் வெட்டினாள். வயதாகி வேலை நின்ற பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளும் உண்டு. கூலி என்று பேரம் இல்லை. வெற்றிலை பாக்கு, ஒரு சேலை, கையில் இருந்தால் ஒன்றிரண்டு வெள்ளி.

வலி கண்டதும் வீட்டு ஆண்கள் வெளியே போய்விடுவார்கள். அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல்களாலேயே கண்டுகொள்வாள். கர்ப்பிணியைப் படுக்கச் சொல்ல மாட்டாள். நடக்கச் சொல்வாள், உத்தரத்தில் கட்டிய சேலையைப் பிடித்துக் குந்தச் சொல்வாள். தாயோ மாமியாரோ பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொள்வார்கள். கஞ்சித் தண்ணீர் குடிக்கக் கொடுப்பாள். பொழுது விடிந்தாலும் அவசரப்பட மாட்டாள். பனிக்குடம் உடைந்து, பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்த பிறகே தொப்புள்கொடியை அறுக்கும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது.

இதையெல்லாம் பத்தாம்பசலித்தனம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் தாயை மல்லாக்கப் படுக்கவைத்து, துணைக்கு ஒருவரையும் விடாமல் பிரசவம் பார்ப்பதே முறையென்று ஆயிற்று. அதற்கு எதிர்ப்பு மேல்நாட்டிலேயே எழுந்தது. இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933ஆம் ஆண்டில் இயற்கைப் பிரசவம் என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அச்சம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்பது அவர் வாதம். உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியில், தாய் தனக்கு இசைந்த நிலையில் இருக்கலாம், தனக்கு வேண்டியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நீராகாரம் அருந்தலாம், பிள்ளை பிறந்து குறைந்தது ஒரு நிமிடமாவது ஆன பிறகே கொடியைக் கட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. நம் கிழவி இவற்றை ஏட்டைப் பார்த்துச் செய்யவில்லை.

ஆனால் அவளுக்குத் தெரியாத காரியங்களும் இருந்தன. அவை சின்னக் காரியங்கள் அல்ல.

கொடியை அறுத்த கத்தி எப்படிப்பட்டது? வீட்டில் கிடந்த சவரக் கத்தி, பழைய பிளேடு, சில இடங்களில் மூங்கில் சீவல். அறுத்த இடத்தில் அடுப்புச் சாம்பல் வைத்தார்கள். சாணச் சாம்பலும் வைத்தார்கள். மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமியின் வித்து உறங்கிக் கிடக்கிறது. அது தொப்புள் புண்ணுக்குள் புகுந்தால் மூன்றாம் நாளுக்கு மேல் பிள்ளைக்கு வாய் இறுகும். பால் குடிக்க முடியாது. ஒரு வாரத்துக்குள் உடம்பு வில்லாக வளைந்து உயிர் போகும். லயத்தில் இதற்குப் பட்சி தோஷம் என்று பெயர் வைத்து மந்திரித்தார்கள். தாயின் கர்ப்ப காலத்திலேயே தடுப்பூசி போட்டு, கத்தியைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் தோஷம் அண்டுவதில்லை என்று பின்னால் தெரிந்தது.

தாய்க்கு வந்த கெடுதல் பிரசவ ஜன்னி. கழுவாத கையால் உள்ளே சோதித்தால் கர்ப்பப்பையில் விஷம் ஏறிக் காய்ச்சல் காணும். இது படிப்பில்லாதவர்களின் குற்றம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். 1846ஆம் ஆண்டில் மாணவர்கள் வார்டில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் மூன்று பேருக்கும் குறைவு. மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படித்த கையோடு நேரே பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847ஆம் ஆண்டில் கண்டுபிடித்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு சட்டென்று குறைந்தது. பெரிய மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை என்பது வேறு கதை.

மூன்றாவது இரத்தப்போக்கு. இதில்தான் தோட்டத்து வாழ்க்கையின் பங்கு அதிகம். வெறுங்காலோடு ஈரமண்ணில் வேலை செய்தவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியே உடம்புக்குள் ஏறிக் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்தது. அமெரிக்க ராக்பெல்லர் அறநிதியின் ஆய்வுக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்தப் புழுவைப் பற்றி ஆராய்ந்தது. கொக்கிப்புழு ஒரு பக்கம், மலேரியா ஒரு பக்கம். சோகை பிடித்து வெளுத்த உடம்போடு, நிறைமாதத்திலும் காண்டாவில் பால் வாளி சுமந்த பெண்ணுக்குப் பிரசவத்தின்போது கொஞ்சம் இரத்தம் கூடுதலாகப் போனாலும் தாங்காது. கொழுத்த உடம்புக்காரி பிழைத்துக்கொள்ளும் அளவு இரத்தப்போக்கு இவளைக் கொன்றுவிடும். நஞ்சுக்கொடி விழாமல் நின்றுவிட்டால் கிழவி கொடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள், வயிற்றைப் பிசைவாள், வேறு வழி அவளிடம் இல்லை. காலுக்குச் செருப்பும் லயத்துக்குக் கக்கூசும் வந்தது பிரசவத்துக்கும் மருந்துதான் என்பேன்.

பிறகு பத்தியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிளறிய பேறுகாலக் காயத்தால் தீங்கில்லை. இந்நாட்டில் விரால் மீன் சாறும் அதோடு சேர்ந்துகொண்டது. மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதும் அதே மீன். தண்ணீரைக் குறைத்ததும் கீரையையும் பழத்தையும் விலக்கியதும்தான் தவறு.

இப்போது ஒரு கேள்வி எழும். தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருந்ததே, டிரஸர் இருந்தாரே? இருந்தது. தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்துகொடுப்பது முதலாளியின் கடமை என்று வெள்ளையர் காலத்துச் சட்டமே சொன்னது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பேறுகால உதவித் தொகைக்கும் விதி இருந்தது. பெரிய கம்பெனிகள் பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி நடத்தின. அங்கே பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் இருப்பாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி எத்தனை கல் தூரத்தில் இருந்தது? நள்ளிரவில் செம்மண் சடக்கில் லாரியை எடுக்கத் துரையிடமோ பெரிய கிராணியிடமோ யார் போய்க் கேட்பது? டிரஸர் ஆண், பிரசவ அறைக்குள் அவரை விட வீட்டார் கூசினார்கள். எல்லாம் கைமீறிய பிறகு கொண்டுபோனதால், ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்ப மாட்டாள் என்ற பேச்சும் லயத்தில் நிலைத்துவிட்டது.

ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் மருந்தும் இல்லை, துணியும் இல்லை. ஆண்கள் பலரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் மட்டும் மிஞ்சிய லயங்களில் பிள்ளை பிறந்தது மருத்துவச்சியின் கையில்தான்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நடந்த ஒன்றை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். பெடாஸ் வட்டாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெடாஸ் என்றால் மலாய் மொழியில் காரம்; ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததோ வெந்நீர் ஊற்று. சாலைக்கு ஒரு புறம் ரப்பர்த் தோட்டம், லயம். மறுபுறம் வயலும் தென்னையும் சூழ்ந்த மலாய்க் கம்பம். ரெம்பாவ் மாவட்டத்தில் தாய்வழி உரிமை பேசும் அடாட் பெர்பாத்தே வழக்கம். பரம்பரை நிலம் பெண் வழியே இறங்கும். அந்தக் கம்பத்துத் தாய்மார்களுக்கும் ஒரு கிழவிதான் பிரசவம் பார்த்தாள். பிடான் கம்போங் என்பார்கள். ஏழாம் மாதத்தில் வயிற்றை அசைத்துச் சடங்கு செய்வாள். பிள்ளை பெற்ற பிறகு சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பாள். வயிற்றை இறுகக் கட்டுவாள். நாற்பத்து நான்கு நாள் பத்தியம் காப்பாள். அவளுடைய கத்தியும் சுத்தமில்லைதான். அறிவிலும் அறியாமையிலும் அவளும் நம் மருத்துவச்சியும் அக்காள் தங்கை.

அரசாங்கம் அவளை என்ன செய்தது? விரட்டவில்லை. 1950களில் அவளைக் கூப்பிட்டுச் சுத்தம் கற்றுக்கொடுத்தது. யூனிசெப் நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று கைக்கு வந்தது. அதில் கத்தரிக்கோல், நூல், சோப்பு, கிண்ணம் இருந்தன. அந்தப் பத்தாண்டிலேயே கிராமச் சுகாதாரத் திட்டம் உருவாயிற்று. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், அதன்கீழ்த் துணை நிலையங்கள், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று கணக்குப் போட்டார்கள். கிளினிக்கோடு சேர்ந்தே மருத்துவச்சியின் வீடும் இருந்தது. நடுராத்திரியில் கதவைத் தட்டலாம். பயிற்சி பெற்ற அந்த இளம்பெண் சைக்கிளில் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்த்தாள். கிழவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தடவினாள், ஓதினாள், தேற்றினாள், பத்தியம் பார்த்தாள். கொடியை அறுப்பது மட்டும் இளையவள். கிழவியின் மரியாதையும் போகவில்லை, வரும்படியும் போகவில்லை. ஆகவே ஆபத்து வந்தால் முதலில் ஆள் அனுப்பியவளும் அவள்தான். 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம், முறையான பயிற்சி இல்லாமல் தொழில் செய்துவந்தவர்களும் பதிந்துகொள்ள இடம் கொடுத்தது.

1950ஆம் ஆண்டளவில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1990களில் அது ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. வீட்டுப் பிரசவத்தை முதலில் ஒழித்துவிட்டு இதைச் சாதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டிலேயே, ஆனால் தேர்ந்த கையால், பின்னால் வண்டியும் ஆஸ்பத்திரியும் இரத்தமும் தயாராக நிற்க, பிரசவம் நடந்தது. கிளினிக்கின் மேலும் ரோட்டின் மேலும் நம்பிக்கை வளர்ந்த பிறகு தாய்மார்கள் தாமாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சாலையின் இந்தப் பக்கம் என்ன நடந்தது? தோட்டம் தனியார் நிலம். கிராமச் சுகாதாரத் திட்டம் கம்பங்களை எண்ணித் தீட்டியது. தோட்டத்துக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். நிர்வாகமோ ஆஸ்பத்திரியும் டிரஸரும் இருந்தால் சட்டம் நிறைவேறிற்று என்று இருந்தது. 1965ஆம் ஆண்டில் தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் கம்பத்துக் கிழவிக்குக் கிடைத்த பயிற்சியும் பெட்டியும் சைக்கிளில் வரும் துணையும் லயத்துக் கிழவிக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சடக்கும் ஒரு கம்பி வேலியும்தான். கிழவிகளின் அறியாமையைக் குறை சொல்பவர்கள் இந்த வேலியைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதுவே ஆறாத குறை.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. இலங்கையில் 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, கிராமந்தோறும் அரசாங்க மருத்துவச்சிகள் வீடு தேடிப் போனார்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் கம்பெனிகளின் பொறுப்பில் இருந்தன. 1970களில் அவை அரசுடைமையான பிறகும் தோட்டத்துத் தாய்மார்கள் கிராமத்துத் தாய்மார்களை எட்டிப் பிடிக்க நெடுங்காலம் ஆயிற்று.

இங்கேயும் மெல்ல மாறிற்று. 1970களில் கம்பத்து மருத்துவச்சி கிளினிக்குகள் கிளினிக் டேசா ஆயின. மருத்துவச்சிகள் மேற்பயிற்சி பெற்று ஜூருராவாட் டேசா ஆனார்கள். பிறகு தோட்டத்துக் கர்ப்பிணிகளும் அரசாங்கக் கிளினிக்கில் கார்டு எடுத்தார்கள். அந்தக் கார்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டி, யார் எங்கே பிள்ளை பெற வேண்டும் என்று பிரித்தார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நம்மவர்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தார்கள். பேறுகால விடுப்பு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறுபது நாளாக இருந்து, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. பால் வெட்டிக்கொண்டிருந்த பாட்டிமார்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு இயற்கைப் பிரசவம் என்ற பேச்சு புது வேகத்தோடு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதட்டினார்கள், துணைக்குத் தாயை விடவில்லை, தேவையில்லாமல் அறுத்தார்கள் என்று சொல்லும் பெண்களின் குறையில் நியாயம் உண்டு. அதைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டியது ஆஸ்பத்திரிகளின் பொறுப்பு. ஆனால் 2018 ஜூலையில் தமிழ்நாட்டுத் திருப்பூரில் நடந்ததையும் கேளுங்கள். யூடியூப் காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், பிள்ளை பிழைத்தது. தாய் இரத்தப்போக்கினால் இறந்துபோனாள். அந்த வீட்டில் மருத்துவச்சிகூட இல்லை. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஒரே ஒரு ஊசி பல சமயங்களில் அந்தப் போக்கை நிறுத்திவிடும். நம் லயத்துக் கிழவிக்கு அந்த ஊசி கிடைத்திருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா?

கடைசியாக, மறுபடியும் அந்தத் தகரப் பெட்டிக்கு வருகிறேன். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை உண்டு என்பது அன்றைய சட்டம். அதன் பிறகு பெற்றோரின் நிலையும் பார்க்கப்பட்டது. ஆனால் பிறந்ததற்குக் காகிதம் வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் பதிவு தானாக நினைவுக்கு வரும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வேலையை விட்டுப் பட்டணம் போக வேண்டும், அல்லது கிராணியார் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போட்டவர்களும், பிள்ளை தங்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தவர்களும் உண்டு. பதியாமல் விட்ட பிள்ளைகள் வளர்ந்து, அடையாளக் கார்டு இல்லாமல், சிலர் சிவப்புக் கார்டோடு, அரசாங்க வாசலில் நின்றார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே கதி.

2011 பிப்ரவரியில் மைடாப்தார் என்ற பெயரில், இப்படிப் பத்திரம் இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய அரசாங்கம் ஓர் இயக்கம் நடத்தியது. இன்ன தோட்டத்தில் இன்ன நாளில் பிறந்தேன் என்று நிரூபிக்கப் பார்த்த சாட்சி தேடினார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் பழைய தோட்டத்துப் பெயரைச் சொல்லிக்கொண்டு, தம்மைக் கையில் ஏந்திய மருத்துவச்சி இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பெரும்பாலும் அவள் இல்லை. தோட்டமே வேறு பெயரில் செம்பனைக் காடாக நின்றது.